காற்றைக் காவல் காத்த சபை

பியெவெர்னோ ஊரில் ஹேசல் கொட்டை விளைகிறது என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், மறுவாரமே அவர் வீட்டுக்கு ஒரு திருத்தக் கடிதம் வந்துவிடும். அங்கே விளைவது வெறும் ஹேசல் இல்லை, உருண்டை மென்கொட்டை. வறுத்து, முரட்டுத் துணியில் கொட்டி ஒரு தேய்ப்புத் தேய்த்தால் தோல் மொத்தமும் கழன்று பருப்பு பால் நிறத்தில் வெளியே வரும். வாசனை அடுத்த தெரு வரை போய்விட்டு வரும். மற்ற ரகங்களில் தோல் பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்று, சாக்லேட்டோடு அரைத்தால் கசக்கும். ஆகவே மிட்டாய்க்காரர்களுக்கு இந்த ரகத்தின் மேல் ஒரு கண். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை. பெருமை என்று ஒன்று இருந்தால் அதைக் காப்பாற்ற ஒரு சபை வேண்டாமா?

இருந்தது. உருண்டை மென்கொட்டையின் மாண்பு காக்கும் பெருஞ்சபை. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அதன் அலுவலகம். உறுப்பினர்களுக்குக் கொட்டை ஓட்டின் நிறத்தில் தரை தொடும் அங்கி, அதன்மேல் கொட்டையின் பச்சை உறை போல ஓரம் கிழிந்த முக்காடு. கிழிசல் தையற்காரரின் குறையன்று, அது விதிப்படியான கிழிசல். தலைவர் டாக்டர் சன்ஃப்ரோந்தோ பல் மருத்துவர். தொழிலில் இருந்த காலமெல்லாம் கொட்டை கடிக்காதீர்கள், பல் போய்விடும் என்று ஊரையே மிரட்டியவர், ஓய்வு பெற்ற மறுமாதமே கொட்டையின் பெருங்காவலர் ஆகிவிட்டார். தன் மாளிகைத் தோட்டத்தில் ஒரு வரிசை மரமும் வைத்திருந்தார். அதனால் தன்னை விவசாயி என்றே சொல்லிக்கொள்வார், முக்கியமாகப் படம் எடுக்கும்போது.

எவாசியோ போர்ஞாவுக்கு இந்தச் சபையோடு எந்த ஒட்டும் உறவும் இருந்ததில்லை. ஊருக்கு மேலே ஒரு சரிவில் அவருக்கு ஹேசல் தோப்பு. ஆகஸ்டில் தானாக உதிரும் கொட்டையைப் பெருக்கி வாரி, காயவைத்து, வியாபாரியின் கிடங்கில் கொட்டுவார். அங்கே அது மற்றவர்களின் கொட்டையோடு கலந்து, எங்கே போனது என்று தெரியாமல் போகும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். கலந்துபோவதில் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆல்பா நகரத்திலிருந்து ரினால்டோ கொர்தேரோ வந்தார். மூன்று தலைமுறையாகச் சாக்லேட் செய்கிற குடும்பம். எவாசியோவின் மனைவி ஓர்ஸோலா அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்த சட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, சூட்டோடு ஊதி ஊதித் தின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவாசியோ, இந்தக் கொட்டைய நான் எதோடயும் கலக்க மாட்டேன். அடுத்த விளைச்சல்ல இருந்து தனியா ஒரு சாக்லேட்டு போடறேன். டப்பா மூடியில உன் தோப்போட பேரு. 'போர்ஞா சரிவு'ன்னு. சரியா?"

எவாசியோ மூடியின் அளவைக் கையால் காற்றில் வரைந்து பார்த்தார். ஓர்ஸோலாதான் கேட்டாள்: "பேரு பெரிய எழுத்துலயா, சின்ன எழுத்துலயா?"

"பெரிய எழுத்துலதான். ஒரே ஒரு விஷயம், சபையோட முத்திரை வேணும். முத்திரை இல்லாம மூடியில ரகத்தோட பேரப் போட்டா என்ன உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

அன்றிலிருந்து எவாசியோ நடந்தாலும் கிடந்தாலும் அந்த மூடிதான் கண்முன் நின்றது. ஆல்பாவின் கடைவீதியில், கண்ணாடிக்குப் பின்னால், தன் அப்பன் பாட்டன் பேர். வேறெதற்கும் ஆசைப்படாத மனிதர் அதற்கு ஆசைப்பட்டார்.

முத்திரைக்கு மனுப் போட்டார். சோதனை நாள் குறித்தார்கள். சுவைஞர் குழு அங்கியோடு அமர்ந்திருந்தது. அன்று காலை மனைவியோடு சண்டை போட்டவர்கள் குழுவில் உட்காரக் கூடாது என்பது விதி. அதனால் எப்போதும் பாதி நாற்காலி காலி. எவாசியோவின் கொட்டையைச் சிவப்பு வெல்வெட் திண்டின் மேல் வைத்து உள்ளே எடுத்துவந்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எவாசியோவும் தன் கொட்டைக்காக எழுந்து நின்றார். சாய்வான பளிங்குப் பலகையில் அதை உருட்டிவிட்டு நேராகப் போகிறதா என்று பார்த்தார்கள். தலைவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேசுது," என்றார்.

"என்ன சொல்லுது டாக்டரே?" என்று எவாசியோ உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"அது சபைக்கு மட்டும் சொல்றது," என்று செயலர் குயிரினா அம்மையார் கண்டிப்பாகச் சொன்னார்.

கொட்டை தேறிவிட்டது. சபையார் தோப்பைப் பார்க்க வந்த இடத்தில்தான் வினை. சரிவின் வடக்கே, வாய்க்கால் ஓரமாக, காட்டு ஹேசல் மரங்கள் வரிசையாக நின்றன. இது எவாசியோவின் தோப்பில் மட்டும் உள்ள கூத்து இல்லை. உருண்டை மென்கொட்டை மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு ரகத்தின் மகரந்தம் ஜனவரிக் காற்றில் வந்து விழுந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் ஊரில் எந்தத் தோப்பானாலும் ஓரத்தில் காட்டு மரம் நிற்கும். இது கைக்குழந்தைக்கும் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும். அவர் மாளிகை மதிலோரத்திலேயே ஒன்று நின்றது.

ஆனால் தலைவர் வாய்க்கால் ஓரம் நின்று அந்த மரங்களை நெடுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மரத்தைப் பார்ப்பவர் போலத்தான் பார்த்தார். அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடியது. முத்திரைக்கு மனுப் போட்டவர்களும் வர வேண்டும் என்று உத்தரவு.

"நண்பர்களே," என்று தலைவர் ஆரம்பித்தார், "நம்ம கொட்டையோட தாய் யாருன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். தகப்பன் யாரு?"

மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க! யாரு? வாய்க்கா ஓரத்துல நிக்கற எவனோ ஒருத்தன்! பேரு கிடையாது, ஊரு கிடையாது. காத்தடிக்கும்போது வர்றான், போறான். நம்ம கொட்டை பெரிய பெரிய விருந்துல சாக்லேட்டுக்குள்ள உக்காருது. நாளைக்கு ஒருத்தன் வந்து இதோட தகப்பன் பேரு என்னன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? நாப்பது வருஷம் பல்லு புடுங்கினேன். ஆட்டம் காட்டற பல்ல வச்சுக்கிட்டு கெஞ்சக் கூடாது. வேரோட புடுங்கிடணும். சபை எல்லைக்குள்ள ஒரு காட்டு மரம் நிக்கக் கூடாது. முத்திரை வேணும்னா ரம்பத்த எடுங்க!"

எவாசியோவுக்கு, தகப்பனே இல்லாமல் பிள்ளை எப்படி வரும் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கையைத் தூக்கினார். எழுந்தும் நின்றுவிட்டார். மண்டபம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அத்தனை அங்கி, அத்தனை முக்காடு.

"டாக்டரே... ரம்பம் சபையிலயே குடுப்பீங்களா, நாங்களே கொண்டு வரணுமா?"

"நல்ல கேள்வி! இதுதான் நமக்கு வேண்டிய மனப்பான்மை!" என்றார் தலைவர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டில் கைதட்டல் இல்லை.

"அதத்தான் எழுந்து நின்னு கேட்டியா?" என்றாள் ஓர்ஸோலா. "காய்க்குமா காய்க்காதான்னு கேக்காம, ரம்பம் யாருதுன்னு கேட்டியா?"

"எல்லாரும் பார்த்தாங்க ஓர்ஸோலா."

"பார்க்கட்டுமே! உன்ன என்ன கடிச்சா தின்னுடுவாங்க? பல்லு டாக்டர்தானே!"

"அடுத்த ஊர் மரத்துல இருந்து காத்துல வரும். வராமயா போயிடும்? முத்திரை இல்லன்னா கொர்தேரோ வேற எங்கயாவது போயிடுவாரு. மூடியில வேற எவன் பேரோ இருக்கும். என்னால அதப் பார்க்க முடியாது."

டிசம்பரில் அவர் மோட்டார் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் போனார். மரங்களில் மாதக்கணக்கில் காத்திருந்த பூச்சரங்கள் இறுகி, கட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகச் சாய்த்தார். ஓர்ஸோலா சமையலறை ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிரவு சூப்பை மேசையில் வைத்தவள் கரண்டியை வைக்கவில்லை. ஊர் முழுக்க அந்த மாதம் ரம்பச் சத்தம்தான் கேட்டது. முத்திரையும் வந்தது. தங்க எழுத்துப் போட்ட முத்திரை.

அடுத்த ஊர்க் காற்றை நம்பியிருந்தார் அல்லவா எவாசியோ? சபை அதையும் விட்டுவைக்கவில்லை. ஜனவரியில் காற்றுக் கண்காணிப்பு உட்குழு அமைந்தது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் கடலிலிருந்து வருகிற காற்று, வழியில் எந்தெந்தத் தோப்பில் புகுந்துவிட்டு வருகிறதோ தெரியாதே! மாதா கோயில் கோபுரத்தில் ஒரு கொடி கட்டினார்கள். அந்தப் பக்கக் காற்று அடித்தால் மணி அடிக்கப்படும், உறுப்பினர்களும் முத்திரை பெற்றவர்களும் உடனே தத்தம் தோப்புக்குப் போய், முகட்டுப் பக்கமாகப் படுதா பிடித்து நிற்க வேண்டும். நின்றார்கள். எவாசியோவும் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை மரத்தில் கட்டியிருந்தார். ஓர்ஸோலா பிடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். காற்று படுதாவுக்கு மேலே போனதா, கீழே போனதா என்று உட்குழு தீவிரமாக விவாதித்தது. பிறகு உறைபனி வந்ததால் விவாதம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆகஸ்டில் எவாசியோ தோப்புக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். இலை இருந்தது. நல்ல இலை, தடித்த இலை. காய்தான் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும் தொங்கியதை உடைத்தால் உள்ளே வெறுமை, வெறும் ஓடு. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்டியது தன் கை என்பதால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. ஊரில் ஒருவர் தோப்பிலும் காய் இல்லை.

சபை மட்டும் கலங்கவில்லை. ஆண்டு விழா குறித்த நாளில் நடந்தது. வெல்வெட் திண்டு உள்ளே வந்தது. அதன் மேல் எதுவும் இல்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுவைஞர் குழு திண்டைச் சுற்றி அமர்ந்து, முகர்ந்து, ஆழ்ந்து யோசித்தது. பளிங்குப் பலகை கொண்டுவரப்பட்டது. எதுவும் உருளவில்லை. ஆகவே எதுவும் கோணலாகவும் போகவில்லை. குயிரினா அம்மையார் முடிவை வாசித்தார்: பூஞ்சை இல்லை. பூச்சி குடித்த கசப்பு இல்லை. காறல் இல்லை. தோல் ஒட்டல் இல்லை. சபையின் வரலாற்றில் முதல் தடவையாகக் குற்றமே இல்லாத விளைச்சல்.

"பாருங்க," என்றார் தலைவர், கண்கலங்கி. "கெட்ட கொட்டை ஒண்ணே ஒண்ணு காமிங்க பார்ப்போம்! எங்க அப்பா காலத்துல நூறு கொட்டைய உடைச்சா நாலஞ்சு சொத்தை. இன்னிக்கு ஒண்ணு கூட இல்ல. விமர்சகருங்க அளவு குறைஞ்சுடுச்சும்பாங்க. அளவு வேணும்னா உருளைக்கிழங்கு போடுங்க! நமக்குத் தரம்!"

மிகத் தூய விளைச்சலுக்கான பரிசு எவாசியோ போர்ஞாவுக்கு. அவருடைய தோப்பில் அந்த ஓட்டுக் காய்கள் கூட இல்லாமல் அவர் பறித்துப் போட்டிருந்தார், பார்க்கச் சகிக்காமல். மேடைக்கு அழைத்து, உறுப்பினராக்கி, அங்கியைப் போர்த்தினார்கள். ஆகஸ்டு வெயிலில் அது அடுப்பு மாதிரி இருந்தது. விருந்துக்கு ஹேசல் கேக் வந்தது. கொட்டை எந்த நாட்டிலிருந்து எந்தக் கப்பலில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல கேக், இரண்டாம் துண்டும் கேட்டார்கள்.

கொர்தேரோ செப்டம்பரில் வந்தார்.

"கொட்டை எங்க?"

எவாசியோ முத்திரையை எடுத்துக் காட்டினார்.

"இத வறுத்தா தோல் கழலுமா?" என்றார் கொர்தேரோ. கோபமாக இல்லை, களைப்பாகத்தான் சொன்னார். "மூடி அச்சடிச்சு வச்சுட்டேன் எவாசியோ. ஒரு வருஷம் காத்திருக்கேன். அடுத்த செப்டம்பர்லயும் கொட்டை இல்லன்னா மூடியத் தூக்கி அடுப்புல போட்டுட்டு வேற தோப்பு பார்க்க வேண்டியதுதான். எனக்கும் கடை ஓடணும்ல?"

அந்தக் குளிர்காலத்தில் சபை எவாசியோவை எல்லை ஆய்வாளராக நியமித்தது. அங்கி பெற்றவர்கள் எல்லாருக்குமே இந்தப் பதவி வந்து சேர்ந்தது. காற்றுக்கு எல்லை தெரியாது, ஆகவே சபைக்கும் தெரிய வேண்டியதில்லை என்று தீர்மானம். முகட்டைத் தாண்டிப் போய், பூத்திருக்கிற காட்டுக் கிளைகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பறிமுதல் செய்ததைப் போட்டுவைக்க மண்டபத்தில் இடம் இல்லாததால், அவரவர் வீட்டிலேயே அழித்துக்கொள்ள வேண்டும். ஒரு துளி மகரந்தத் தூள்கூட ஊருக்குள் சிந்தக் கூடாது.

ஜனவரியில் ஒருநாள் எவாசியோ அங்கியை மாட்டிக்கொண்டு முகட்டைத் தாண்டினார். அந்தப் பக்கச் சரிவு எர்மெலிந்தா என்ற கைம்பெண்ணுடையது. எந்தச் சபையிலும் சேராதவள். அவள் வேலி முழுக்கக் காட்டு ஹேசல், மஞ்சள் பூச்சரம் சரஞ்சரமாகத் தொங்கிக் காற்றில் தூள் பறந்துகொண்டிருந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் போன ஜனவரியில் தன் வாய்க்கால் ஓரமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எவாசியோ நினைத்துக்கொண்டார்.

"என்னய்யா, நீயும் பறிமுதலா?" என்றாள் எர்மெலிந்தா, கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே.

"ஆமாம்மா. சபை உத்தரவு."

"வெட்டிக்கோ. மேல் கிளையா வெட்டு, அடியத் தொடாத. முக்காட்டு ஆளுங்க வந்துக்கிட்டே இருக்கீங்க. உங்க ஊர்ல எல்லாருக்கும் என் வேலி மேல திடீர்னு என்ன பாசம்?"

எவாசியோ வெட்டினார். தூள் சிந்தாமல் அங்கிக்குள்ளே மறைத்துக்கொண்டு திரும்பினார். விதிப்படி வீட்டில் போட்டு எரிக்க வேண்டும். முற்றத்தில் கட்டை அடுக்கித் தீப்பெட்டியை எடுத்தார். கதவருகே ஓர்ஸோலா நின்றிருந்தாள். கிளைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கொளுத்தப் போறியா?"

"உத்தரவு."

"கொளுத்து," என்றாள். "அப்புறம் அந்தப் பரிசு அங்கியையும் மேல போடு. நல்லா எரியும்."

எவாசியோ தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டார். கொல்லையில் காலி ஒயின் பாட்டில்கள் கிடந்தன. அதில் தண்ணீர் ஊற்றி, கிளைகளைச் செருகி, இருவருமாகத் தோப்பில் மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டார்கள். மரக்கிளைகளின் மொட்டு நுனியில் சிவப்பு நூல் மாதிரி பெண்பூக்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. காற்றடித்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஓர்ஸோலா ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் அவரைப் பார்த்துச் சிரித்தாள். எவாசியோவுக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிடிபட்டால் முத்திரை போகும். முத்திரை போனால் மூடி போகும். இருந்தாலும் அந்த மாதம் முழுக்க ஆய்வுக்குப் போனார். அவரைப் போல ஊக்கமான ஆய்வாளர் கிடையாது என்று குயிரினா அம்மையார் குறிப்பிட்டார்.

பிப்ரவரி நடுவில் உறுதிமொழி விழா. எல்லா உறுப்பினர்களும் அங்கியோடு வரிசையாக நின்றார்கள். வழக்கப்படி, தலைவர் மணி அடித்ததும் எல்லாரும் அங்கியை இரண்டு கையாலும் அகல விரித்து, "எங்களிடம் மறைக்க எதுவும் இல்லை" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அப்போதுதான் எவாசியோ குனிந்து பார்த்தார். அங்கியின் உள்பக்கம் முழுக்க மஞ்சள். ஒரு மாதம் கிளையைச் சுமந்த மகரந்தம் அப்பிக்கிடந்தது. நழுவலாமா என்று கதவைப் பார்த்தார். மணி அடித்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு விரித்தார்.

மண்டபம் முழுக்க மஞ்சள் புகை எழுந்தது. எவாசியோ கண்ணைத் திறந்தார். இடதுபக்கத்தவர் அங்கி மஞ்சள். வலதுபக்கத்தவர் அங்கி மஞ்சள். சுவைஞர் குழு மஞ்சள், காற்றுக் கண்காணிப்பு உட்குழு மஞ்சள். மேடைமேல் பெருங்காவலரின் அங்கி எல்லாரையும் விட மஞ்சளாக இருந்தது, தாடி வரை. குயிரினா அம்மையார் தும்மினார், அவருக்கு அடங்கவே இல்லை.

தலைவர் தன் அங்கியைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, இது தூய்மையோட பொன்தூள். கடுமையா உழைச்சு பறிமுதல் பண்ணினவங்க அங்கியில மட்டும்தான் இது ஒட்டும். அடுத்த வருஷத்துல இருந்து நம்ம அங்கிக்கு உள்பக்கம் மஞ்சள் துணி தைக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

அப்பாடா என்று மண்டபமே பெருமூச்சு விட்டது. கைதட்டல் வெடித்தது. அந்த நிம்மதியில் எவாசியோவுக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுந்தார். இந்தத் தடவை கேட்க நினைத்ததையே கேட்டார்.

"டாக்டரே, நாம எல்லாருமே... அதான், நாமதான் எல்லாருமே கொண்டு வந்துட்டோமே. பேசாம வாய்க்கா ஓரத்துல பழையபடி மரத்தையே நட்டுடலாமே?"

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். முதல் தடவை பல் பிடுங்க வந்தவனைப் பார்ப்பது போல.

"நட்டுடலாம் எவாசியோ. நட்டா என்ன ஆகும்? காத்து வரும், அதுபாட்டுக்கு வேலைய முடிச்சிட்டுப் போயிடும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. ஆய்வாளர் வேண்டாம், முத்திரை வேண்டாம், உறுதிமொழி வேண்டாம். அப்புறம் நாம எதுக்கு? நானென்ன, திரும்பப் போய் பல்லு புடுங்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. காட்டு மரத் தடையை இன்னும் பத்தாண்டுக்கு நீட்டிக்கும் தீர்மானத்தைக் குயிரினா அம்மையார் தும்மலுக்கு நடுவே வாசித்தார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார். மஞ்சள் படிந்த கைகள் மண்டபம் முழுக்க உயர்ந்தன.

"எதிர்ப்பவங்க யாராவது உண்டா?"

அந்த முட்டாள்தனத்தை எதிர்த்து ஒரு கையாவது கீழே இருக்காதா என்று எவாசியோ ஆவலோடு வரிசை வரிசையாகத் தேடினார். ஒன்றுகூட இல்லை. பிறகுதான் தன் கை ஞாபகம் வந்தது. அது எப்போதோ மற்றக் கைகளோடு மேலே போயிருந்தது.